ஆறக்கூடாத காயம்

அத்தியாயம் 14

மிஷின் ரிப்பேர் என்று தங்கமணி நேற்று சொன்னதைப் பூவம்மாள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது? மின்சாரத்தில் ஓடுகிற எதுவும் ஒரு நாள் படுக்கத்தான் செய்யும். தன் நாய் சீனியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள்.

இன்று கிளினிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேஜைமேல் ரைஸ்மில் முதலாளி வீட்டு லாப்ரடார் படுத்திருந்தது. தின்று கொழுத்த நாய். அதன் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தது. தங்கமணியும் ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டார்ச் லைட் மாதிரி ஒன்றை அதன் முழங்கால்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தாள். முனையிலிருந்து சிவப்பு வெளிச்சம் வழிந்தது. சுவரோரம் மிஷின் ஒரு குறையும் இல்லாமல் பீப் பீப் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

"ரிப்பேர் ஆன மிஷின் நல்லாத்தான் ஓடுது போலிருக்கு, டாக்டரம்மா."

தங்கமணி நிமிரவில்லை. "வெளியில உக்காருங்க அண்ணி. இது முடியட்டும்."

"எனக்குக் கண்ணாடி வேண்டாமா? சிவப்பு லைட்டு கண்ணைக் கெடுத்துடும்னு அன்னிக்கு அவ்வளவு சொன்னியே."

"அதனாலதான் வெளியில உக்காரச் சொல்றேன்."

பூவம்மாள் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மடியில் பழைய புடவையில் சுற்றிய சீனி கிடந்தது. வெள்ளை நாட்டு நாய். இடது பின்னங்கால் துணியாகத் தொங்கியது. 

கதையை நடுவில் பிடித்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூவம்மாளின் கணவர் தியாகேசனும் இந்தக் கால்நடை டாக்டர் தங்கமணியும் உடன்பிறந்தவர்கள். அப்பா கண்ணை மூடியதும் தங்கை பங்கு கேட்டாள். இருப்பது ஒரு வேலி நிலம், ஏழு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பாதி என்னுடையது என்றாள். உன்னை டாக்டருக்குப் படிக்க வைத்ததே உன் பங்குதான் என்றார் அண்ணன். இத்தனைக்கும் தியாகேசன் கட்சியின் கிளைச் செயலாளர். பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு கொடுத்தது எங்கள் ஆட்சி என்று மைக்கைப் பிடித்துக்கொண்டு பாபநாசம் வரைக்கும் போய்ப் பேசியவர். பேசி முடித்ததும் அந்தக் கொள்கையை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

தங்கமணி விடவில்லை. சர்வேயரைக் கூட்டிவந்து நிலத்தை அளந்து நடுவில் கல் நட்டாள். நட்ட கல் நின்றபாடில்லை. மறுநாளே பிடுங்கப்பட்டது. அன்று சாயங்காலம்தான் சீனியும் அடிபட்டது. தங்கமணியின் புருஷன் சாமிதுரை, மதகுப் பக்கம் தார் ரோட்டில் வேண்டுமென்றே நாய்மேல் காரை ஏற்றிவிட்டான் என்று தியாகேசன் போலீசில் புகார் கொடுத்தார். ஊருக்குள் பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று போலீஸ் கைகழுவியது. ஐயனார் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய் என்றது ஊர். தியாகேசன் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்லிவிட்டால் சாமிதுரைதான் குற்றவாளி. தங்கமணி தன் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டு நிலத்தை மறந்துவிட வேண்டும். அடிக்காவிட்டால் பாதி நிலம் தங்கமணிக்கு.

இதற்குத் தங்கமணி மறு பேச்சில்லாமல் சரி என்றாளே, ஏன் என்று போன வாரம் பலர் கேட்டிருப்பீர்கள். பூவம்மாளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அந்தச் சத்தியம் இன்று சாயங்காலம்.

நடுவில் சீனி. எலும்பு முறியவில்லை, நரம்பு அமுங்கியிருக்கிறது என்றார் அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர். ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குப் போங்கள், இல்லையென்றால் மன்னார்குடியில் லேசர் மிஷின் வைத்திருக்கிற தங்கமணியிடம் போங்கள் என்றார். ஊசி போட்டுக் கதையை முடி என்றார் தியாகேசன். பூவம்மாள் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கணவருக்குத் தெரியாமல் நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். மூன்று தடவை அந்தச் சிவப்பு வெளிச்சம் பட்டது. தொட்டாலே அலறிக்கொண்டிருந்த நாய் தூங்கிற்று, சோறு தின்றது, வீக்கம் வடிந்தது. விரல் லேசாக அசைந்ததைப் பூவம்மாள் தன் கண்ணால் பார்த்தாள். நேற்று போனால் ரிப்பேர்!

லாப்ரடார் தன் டிரைவரோடு நொண்டாமல் இறங்கிப் போயிற்று. பூவம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"நேத்து சொன்னது பொய்தானே?"

"பொய்தான். கத்தாதீங்க அண்ணி, இது கிளினிக்."

"கத்தாம சொன்னா உங்க குடும்பத்துல யாருக்குக் காது கேக்குது?"

தங்கமணி கையை நீட்டினாள். சீனியை வாங்கி மேஜையில் கிடத்தினாள். வாங்கியதில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. நெஞ்சுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, நாய்க்கு ஒரு சின்ன வலிகூட இல்லை. நாயைத் தூக்கத் தெரிந்த அளவுக்கு மனுஷர்களிடம் பேசத் தெரிந்திருந்தால் இந்தக் கதை பதினான்காம் அத்தியாயம் வரைக்கும் வந்திருக்காது.

சீனி வாலை ஆட்டியது. அதற்கு எல்லாரும் வேண்டியவர்கள்.

"இதைப் பாருங்க." தங்கமணி புடவையை விலக்கினாள். லேசர் படுவதற்காக இடுப்பில் முடியை மழித்திருந்தாள். முதல் நாள் அங்கே வீக்கம்தான் இருந்தது. இப்போது வீக்கம் வடிந்த தோலில் இரண்டு கோடுகள் ஊதா நிறத்தில் எழும்பியிருந்தன. ஒரே அகலம், ஒரே நேர். நடுவில் சிராய்ப்பு.

"காரு டயரு இப்படிப் பதியுமா அண்ணி?"

பூவம்மாள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மேட்டூர் திறந்து குறுவைக்குச் சேறடிக்கிற இந்த மாதத்தில் ஊரில் எந்த வயலில் பார்த்தாலும் இந்தக் கோடுதான். டிராக்டரின் ரப்பர் சக்கரத்தோடு மாட்டுகிற இரும்புக் கூண்டுச் சக்கரம், கேஜ் வீல். அதன் பட்டைகள் சேற்றில் இப்படித்தான் வரிசையாகப் பதியும். அதை மாட்டிக்கொண்டு தார் ரோட்டில் யாரும் ஏற மாட்டார்கள். ரோடு கிழியும், போலீஸ் பிடிக்கும். ஆகவே சீனி ரோட்டில் அடிபடவில்லை. வயலுக்குள் அடிபட்டிருக்கிறது. கீழே சேறு இருந்ததால் பிழைத்திருக்கிறது.

அவர்கள் வயலில் கேஜ் வீல் போட்டு ஓட்டுகிறவர் ஒரே ஒருவர்தான்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"வீக்கம் வடிய ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுக்கிட்டுத்தான் சத்தியத்துக்குச் சரின்னியா?"

"ஆமா. சாயங்காலம் அண்ணன் பண்ணட்டும். ஊரே பாக்கப் பொய்ச் சத்தியம் பண்ணட்டும். கற்பூரம் அணைஞ்ச உடனே சீனியை நடுவுல வச்சுக் காட்டறேன். அப்புறம் ஊர்ல எவன் மதிக்கிறான், கட்சியில எவன் மதிக்கிறான்னு பாத்துடலாம்."

"அதுக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்?"

தங்கமணி முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்தினாள். "இன்னும் ரெண்டு தடவை லேசர் போட்டா இந்தக் கன்னிப்போனதெல்லாம் மறைஞ்சிடும். கோடு தெரியாது."

பூவம்மாளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. 

"காயம் ஆறிடக் கூடாதுன்னு வைத்தியத்தை நிறுத்தினியா?"

"கொஞ்ச நாளைக்கு."

"சத்தியம் முடிஞ்சதும் போடுவியா?"

"போலீஸ் வந்து பாக்கணும் அண்ணி. அண்ணன் கொடுத்த புகாரு பொய்னு அவங்க எழுதணும். ஒரு வாரம் ஆகலாம்."

"செல்லுல போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு மிஷினைப் போடேன்."

"எடுத்தாச்சு. போட்டோவுல எதை வேணாலும் மாத்தலாம்னு அவங்க கட்சி வக்கீல் ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிடுவாரு. தோல்ல இருக்கணும், எல்லாரும் தொட்டுப் பாக்கணும்."

"அடிபட்ட புதுசுல விடாம போட்டாத்தான் நரம்பு பிடிக்கும், விட்டுட்டா காலை இழுத்துக்கிட்டே கிடக்க வேண்டியதுதான்னு சொன்னது யாரு? நீதானே?"

"நான்தான்."

"நீ டாக்டரா, இல்லை வேற எதாவதா?"

அந்த வார்த்தை சுட்டது. தங்கமணியின் குரல் உயர்ந்தது. "எங்கப்பா நிலத்துல நான் கால் வச்சதுக்கு உங்க வீட்டுக்காரரு என் கழுத்தைப் பிடிச்சு வரப்புலேர்ந்து தள்ளினாரே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க? களத்துல நின்னு வேடிக்கை பாத்தீங்க. அன்னிக்கு இந்த நியாயம் எங்க போச்சு?"

பூவம்மாளுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. பார்த்துக்கொண்டுதான் நின்றாள். உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பட்டணத்துப் புடவை சேற்றில் விழுந்ததே என்ற அற்ப சந்தோஷம்.

"அதுக்கு என்னைக் கேளு. என் முடியைப் பிடிச்சு இழு. சீனி உனக்கு என்ன பண்ணிச்சு?"

"சீனியை இங்கேயே விட்டுட்டுப் போங்க அண்ணி. வலிக்கு மருந்து போடறேன். பத்திரமா இருக்கும்."

"எது பத்திரமா இருக்கும்? காயமா?"

புடவையைச் சுற்றி நாயை வாரி எடுத்துக்கொண்டு வெளியேறினாள். போகிற வேகத்தில் கதவை அடித்துச் சாத்தினாள். காத்திருந்த ஒரு பூனை கூண்டுக்குள் சீறியது.

வாசலில் யூனுஸ் ஆட்டோவோடு காத்திருந்தான். ஊரில் அவளை அண்ணி முறை வைத்து வதினி என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவன். அவள் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டுக்குப் பின்னால் களத்தில் டிராக்டர் நின்றது. வயலிலிருந்து அப்படியே களத்துக்கு ஏறியிருந்ததால் கேஜ் வீலில் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. பூவம்மாள் சீனியை வைக்கோல்மேல் கிடத்திவிட்டு, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரித்து அதன் இடுப்பிலிருந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே அளந்தாள். அதே கையைக் கொண்டுபோய்ச் சக்கரத்தின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே வைத்தாள். ஒரு நூல்கூடத் தவறவில்லை.

"என்ன, டிராக்டருக்கு ஜோசியம் பாக்கறியா?"

தியாகேசன் பின்னால் நின்றார். கோயிலுக்குப் போக வெள்ளை வேட்டி கட்டி, கட்சிக்கரை போட்ட துண்டைத் தோளில் போட்டிருந்தார்.

"ஏங்க, சீனி எங்க அடிபட்டுது?"

"எத்தனை தடவை சொல்றது? மதகாண்ட, ரோட்டுல."

"ரோட்டுல அடிபட்ட நாய் ஏன் நனைஞ்சு வந்துது?"

"ரத்தமா இருந்துது. வாய்க்கால்ல கழுவித் தூக்கிட்டு வந்தேன்."

"ரத்தத்தைக் கழுவினீங்களா, சேத்தைக் கழுவினீங்களா?"

அவர் கண் அவள் கைக்குப் போயிற்று. கையிலிருந்து சக்கரத்துக்கு, சக்கரத்திலிருந்து வைக்கோல்மேல் கிடந்த நாய்க்கு. புடவை விலகி மழித்த இடுப்பு தெரிந்தது.

"முடியை யாரு மழிச்சது?"

"உங்க தங்கச்சி."

அறை விழப்போகிறது என்றுதான் நினைத்தாள். விழவில்லை. அவர் டிராக்டரின் மட்கார்டில் சாய்ந்துகொண்டார்.

"கல்லுக்குச் சங்கிலி போட்டு இழுத்தேன். வரலை. ஆட்டி எடுக்கலாம்னு ரிவர்ஸ் போட்டேன். சனியன், பின்னாடியே வந்து நின்னுருக்கு. கத்தினதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. வேணும்னா ஏத்தினேன்?" குரல் ஒரு கணம் தழுதழுத்தது. உடனே செருமிக்கொண்டார். "அடி பட்டது பட்டாச்சு. அது நமக்கு உபயோகமாவாவது இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

அந்தத் தழுதழுப்போடு நிறுத்தியிருந்தால் பூவம்மாள் அவரை மன்னித்திருப்பாள். உபயோகம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சற்று முன் கிளினிக்கில் கேட்டதும் இதுதானே! ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"பொய்ச் சத்தியம் பண்ணப் போறீங்களா?"

"பத்து ரூபா கற்பூரம். சாமியே இல்லைன்னு மேடையில பேசறவன் நான்."

"நம்பிக்கை இல்லாதவருக்குக் கோயில்ல என்ன சத்தியம்?"

"ஊருக்கு நம்பிக்கை இருக்குல்ல? அது போதும்." சொல்லிவிட்டுச் சட்டென்று நிமிர்ந்தார். "அவ இந்தக் கோட்டைப் பாத்துட்டாளா? பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னாளா?"

பூவம்மாள் வாயைத் திறக்கவில்லை. திறக்காததே பதிலாகிவிட்டது.

"சாக்கு எங்க கிடக்கு?"

"எதுக்கு?"

"பாமணியாத்துக்கு அந்தாண்ட கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன். நடக்க முடியாத நாய் திரும்பி வராது."

சாக்கு எடுக்க அவர் கொட்டகைக்குள் போனார். சீனி தலையைத் தூக்கி, போகிற அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

பூவம்மாள் யோசிக்க நிற்கவில்லை. நாயை வாரிக்கொண்டு வீட்டைச் சுற்றி வாசலுக்கு ஓடினாள். யூனுஸ் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"எடு யூனுசு, வண்டியை எடு."

"எங்க வதினி?"

"ஐயனாரு கோயிலுக்கு. நேரா வேண்டாம், வாய்க்கால் கரையைச் சுத்திப் போ."

ஆட்டோ குலுங்கியபோதெல்லாம் சீனி முனகியது. வலி திரும்ப வந்துவிட்டது. பூவம்மாள் அதன் காதைத் தடவிக்கொண்டே யோசித்தாள். அண்ணனிடம் விட்டால் இந்த நாய் ஆற்றுக்கு அந்தாண்டை செத்துப்போகும். தங்கையிடம் விட்டால் சாகாது, ஆனால் எழுந்திருக்காது. அவருக்குக் காயம் மறைய வேண்டும், இவளுக்குக் காயம் இருக்க வேண்டும். கால் வேண்டும் என்று கேட்கிறவள் இந்த உலகத்தில் தான் ஒருத்திதான்.

அவர் பொய் சொன்னால்தானே அதைப் பொய் என்று காட்ட ஒரு காயம் தேவைப்படும்? யாருமே பொய் சொல்லாவிட்டால்?

அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. யோசித்தால் பயம் வந்துவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

கோயிலில் ஊர் கூடியிருந்தது. ஊர்த்தலைவர் நடராசன் பலிபீடத்தின்மேல் தட்டை வைத்துக் கற்பூரத்தைத் தயாராக எடுத்து வைத்திருந்தார். ஒரு பக்கம் காரில் சாய்ந்துகொண்டு சாமிதுரை. பக்கத்தில் தங்கமணி. நாயோடு இறங்கிய பூவம்மாளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"வந்துட்டீங்களா அண்ணி? கொடுங்க, நான் வச்சுக்கறேன்."

"தொடாதே." பூவம்மாள் முந்தானையை இழுத்து நாயின் இடுப்பை மூடினாள்.

அதே நேரம் தியாகேசன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். நாயைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. மூடிய முந்தானையைப் பார்த்ததும் ரத்தம் திரும்பிற்று. என்ன இருந்தாலும் பெண்டாட்டி, புருஷன் மானத்தை மூடத்தான் செய்வாள் என்று நினைத்துக்கொண்டார். துண்டை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்.

நடராசன் கற்பூரத்தை ஏற்றினார். கூட்டம் பேச்சை நிறுத்தியது. கடவுள் இல்லை என்கிற கட்சிக்காரர்கள்கூடச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நின்றார்கள்.

"தியாகேசா, உன் நாய்மேல சாமிதுரை வண்டியை ஏத்தினது நிசம்னா, ஐயனாரு பேரைச் சொல்லிக் கற்பூரத்தை அடி."

தியாகேசன் வலது கையை ஓங்கினார். தங்கமணியின் உதட்டோரம் துடித்தது.

பூவம்மாள் சீனியை யூனுசின் கையில் கொடுத்தாள். விடுவிடுவென்று முன்னால் போனாள். கணவரின் கை இறங்குவதற்குள் தன் கையை இறக்கினாள். தட்டு அதிர்ந்தது. நெருப்பு அணைந்து புகை எழுந்தது.

"ஏய், பொம்பளை கை வைக்கக் கூடாது!" என்று யாரோ கத்தினார்கள்.

"வச்சாச்சு." அவள் திரும்பி நின்றாள். உள்ளங்கை எரிந்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. "சீனியை மிதிச்சது காரு இல்லை. எங்க வீட்டு டிராக்டரு. கல்லைப் பிடுங்கப்போன இடத்துல, சேத்துல மிதிச்சுது. தெரியாமத்தான் நடந்துது. ஐயனாரு மேல ஆணையா நான் சொல்றேன். எங்க வீட்டுக்காரரு இன்னும் சத்தியம் பண்ணலை, பொய்ச் சத்தியம் பண்ணினார்னு அவரை யாரும் பேச வேண்டாம்."

நடராசன் புகைகிற தட்டைப் பலிபீடத்திலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"யோசிச்சுத்தான் சொல்றியா ஆத்தா?" என்றார் நடராசன். "நிலமே கைவிட்டுப் போயிடும்."

"பாதிதானே? அது அவளோடதுதான். சட்டத்துல இருக்கு. இவரே மைக்குல சொல்லிருக்காரு."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பைத்தான் தியாகேசனால் தாங்க முடியவில்லை.

"யாரு வீட்டுச் சோத்தைத் தின்னுட்டு யாருக்குடி பேசறே? என் வாசப்படியை இனிமே மிதிச்சே, காலை ஒடிச்சுடுவேன்."

"ஒரு காலை ஒடிச்சது போதாதா?"

அவர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். நடராசன் குறுக்கே நின்றார். துண்டை அவிழ்த்துத் தரையில் எறிந்துவிட்டுத் தியாகேசன் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் போனது வீட்டுப் பக்கம் இல்லை, டவுன் பக்கம். கட்சி வக்கீல் இருப்பது அங்கேதான்.

வழக்கில் ஜெயித்தவள் முகத்தில் சந்தோஷம் இருக்க வேண்டும். தங்கமணி முகத்தில் அது இல்லை.

"கெடுத்துட்டீங்களே அண்ணி! அவர் கற்பூரத்தை அடிக்கட்டும்னுதானே காத்துக்கிட்டிருந்தேன். இப்ப அவர் பொய்யே சொல்லலைன்னு ஆயிடுச்சே!"

"நிலம் கிடைச்சாச்சு. அண்ணன் அசிங்கப்படலைன்னு அழறியா?"

"போலீஸ்ல கேட்டா?"

"இதையேதான் சொல்வேன். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். சீனியோட இடுப்பு இனிமே உனக்குத் தேவைப்படாது." பூவம்மாள் நாயை வாங்கி அவள் முன்னால் நீட்டினாள். "இப்ப மிஷினைப் போடு."

தங்கமணி எதையோ சொல்ல வாயெடுத்தாள். சீனியின் தொங்குகிற காலைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். குனிந்து பாதத்தை எடுத்து விரலிடுக்கில் நகத்தால் கிள்ளினாள். நாய் காலை இழுக்கவில்லை. அடுத்த விரலை அழுத்திக் கிள்ளினாள். சீனி அவள் புறங்கையை நக்கிக்கொடுத்தது.

அவள் முகம் மாறியது. இத்தனை நேரம் அங்கே நின்றது தியாகேசனின் தங்கை. இப்போதுதான் டாக்டர் வந்தாள்.

"முந்தாநாள் இழுத்துதே," என்றாள் மெல்ல. "விட்டிருக்கக் கூடாது."

"யாரு விட்டா?"

தங்கமணி போய்க் காரின் பின்கதவைத் திறந்தாள். சீனிமேல் ஏறியதாக ஊரெல்லாம் பேசப்பட்ட அதே கார். பூவம்மாள் சீனியோடு ஏறி உட்கார்ந்தாள். போட்டிருந்த புடவையையும் மடியிலிருந்த நாயையும் தவிர அவளுக்கென்று இப்போது ஒன்றும் இல்லை. ராத்திரி எங்கே படுப்பது என்பதும் தெரியாது. இந்த நாத்தனார் வீட்டில் படுப்பதற்கு இந்தக் கோயில் வாசலே மேல் என்று தோன்றியது.

சாமிதுரை வண்டியைக் கிளப்பினான். தங்கமணி முன் ஸீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணி, இன்னிக்கே போடறேன். தினமும் போடறேன். ஆனா கால் வரும்னு நான் உறுதியாச் சொல்ல முடியாது."

பூவம்மாள் கரி படிந்த உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள்.

"வரலைன்னா, அடுத்த கற்பூரத்தை உன் கிளினிக் வாசல்ல அடிப்பேன். நீ என்ன பண்ணினேன்னு மன்னார்குடி முழுக்கத் தெரியட்டும். வண்டியைச் சீக்கிரம் ஓட்டச் சொல்லு."